பிறந்த ஊர் மதுரை, பதிவேட்டில் இலங்கை

வருவோரையும் போவோரையும் அரசு எண்ணுகிறது. நாற்பது ஆண்டுகளாக இங்கேயே இருப்பவர்களை அந்த எண்கள் எப்படிக் காட்டுகின்றன? இலங்கைத் தமிழர் முகாம்களை முன்வைத்து ஒரு பார்வை.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மாவும் அப்பாவும் திருமங்கலம் பக்கம் உள்ள உச்சப்பட்டி இலங்கைத் தமிழர் முகாமில் வசிப்பவர்கள். அவர்களே கூட தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் பிறந்தவர்களாக இருக்கலாம். அந்த வார்டில் பிறந்த மற்ற குழந்தைகளைப் போலவே இவளுக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கிறது. பிறந்த இடம்: மதுரை.

அன்றிலிருந்து அரசு இவளை எண்ணத் தொடங்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவள் தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்பவள். பிறந்த இடத்தை வைத்துப் போடும் இடம்பெயர்ந்தோர் அட்டவணையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வரிசையில் இவள் வரவே மாட்டாள். ஆதார் கணக்கில் இவள் இந்தியாவில் வசிப்பவள். மறுவாழ்வுத் துறை ஏட்டில் உதவித்தொகை பெறும் சிறுமி. மத்திய உள்துறையின் பார்வையில் வெளிநாட்டவர். பதினெட்டு வயது நிரம்பும்போது வாக்காளர் பட்டியலில் இவள் பெயர் ஏறாது.

இவள் படித்து வளர்ந்து, தேனி சாலையில் நாகமலை அடிவாரத்தில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டைக்குக் கல்லூரிக்கு வருகிறாள். வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும் அருகிலேயே காமராசர் பல்கலைக்கழகமும் இருப்பதால், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வீட்டின் முதல் பட்டதாரிகள் பஸ் ஏறி வந்து இறங்கும் ஊர் அது. கடைசி வருடத்தில் தோழிகள் பாஸ்போர்ட் எடுக்க ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் நிரப்பியாகிறது. அடுத்து ஒரு கேள்வி: இந்தியக் குடியுரிமை எந்த வழியில்? பிறப்பா, வம்சாவளியா, பதிவா? தோழிகள் யோசிக்காமல் ‘பிறப்பு’ என்று டிக் அடிக்கிறார்கள். இவளும் அதே மதுரையில்தான் பிறந்தாள். இவளால் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க முடியாது.

இந்தப் பெண்ணுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஆனால் இவள் நிலையில் இருக்கும் இளைஞர்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். மதுரை மாவட்டத்தில் மட்டும் நகரத்தை ஒட்டிய ஆனையூர், தெற்கே உச்சப்பட்டி, மேலூர்ப் பக்கம் மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் ஆகிய இடங்களில் முகாம்கள் உண்டு. இவர்களைப் பற்றி அரசு வெளியிடும் எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், நம் குடியேற்றக் கட்டுப்பாட்டு முறை எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது துலங்கும்.

வாசலில் எடுக்கும் கணக்கு

மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கும் துபாய்க்கும் விமானங்கள் போகின்றன. போகிறவர், வருகிறவர் எல்லோரும் குடியேற்றச் சோதனை மேசையைத் தாண்ட வேண்டும். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்கிறார்கள், முத்திரை விழுகிறது, ஒரு பதிவு உருவாகிறது. 1975-இல் தொடங்கப்பட்ட, மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் குடியேற்றப் பணியகத்தின் கணினிக்கு அது போய்ச் சேர்கிறது. சுற்றுலா அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் வெளிநாட்டுப் பயணிகள் எண்ணிக்கைக்கும் இந்தப் பதிவுகள்தான் ஆதாரம். 2019-இல் சுமார் 1 கோடியே 9 லட்சம், 2024-இல் சுமார் 99.5 லட்சம் என்று நாம் நாளிதழில் படிப்பது இப்படி வந்த எண்தான்.

அந்த எண் சொல்வது வருகைகளை. ஒரே ஆள் ஒரு வருடத்தில் மூன்று முறை வந்து போனால் அது மூன்று வருகை. வந்தவர் எத்தனை நாள் தங்கினார், என்ன ஆனார் என்பதை அந்த எண் சொல்லாது. இந்தியப் பயணிகளின் நிலையும் அதுவே. 2014 மார்ச்சில் வருகை அட்டையும், 2017 ஜூலை 1 முதல் புறப்பாட்டு அட்டையும் இந்தியர்களுக்கு நீக்கப்பட்டன. பயணிக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் எதற்காகப் பயணம் என்று அட்டையில் எழுதி வாங்கிய விவரம் அதோடு நின்றுபோனது.

இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. குடியேற்றப் புள்ளிவிவரத்தில் முன்னோடி என்று பேர் வாங்கிய பிரிட்டன், விமான நிலையங்களில் பயணிகளிடம் மாதிரிக் கேள்விகள் கேட்டே நிகரக் குடியேற்றத்தை நெடுங்காலம் கணக்கிட்டது. கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் மலிவு விமானங்களில் ஏறிச் சின்னச் சின்ன ஊர் விமான நிலையங்களில் இறங்கினார்கள். கணக்கெடுப்பாளர்களின் கவனமோ பெரிய நிலையங்களில் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தபிறகு, முந்தைய பத்தாண்டில் 3,46,000 பேர் கணக்கில் விடுபட்டிருப்பதை அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே ஒப்புக்கொண்டு எண்களைத் திருத்தியது. வாசலில் எடுக்கும் கணக்கு எவ்வளவு நவீனமானாலும், வீட்டுக்குள் இருப்பவர்களைத் தனியாக எண்ணித்தான் ஆகவேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

மூன்று லட்சத்து நாலாயிரம்

முத்திரை குத்தும் மேசையைத் தாண்டாமல் வந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவர்களிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அரசு அவர்களைக் கரையிலேயே பதிவு செய்தது. 1983 ஜூலை 24 முதல் 1987 ஜூலை 29, அதாவது இந்திய – இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான நாள் வரை வந்தவர்கள் முதல் கட்டம்: 1,34,053 பேர். 1989-இலிருந்து 1991 வரை இரண்டாம் கட்டம். 1996-இல் மூன்றாவது. 2006-இல் போர் மீண்டும் மூண்டபோது நான்காவது. எல்லாம் சேர்த்து 3,04,269 பேர் என்பது உள்துறை ஆண்டறிக்கைகளிலும் மாநில அரசின் அறிக்கைகளிலும் வரும் எண்.

1995 மார்ச் வரை அரசு ஏற்பாட்டில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469 பேர். அதற்குப் பிறகு அப்படி ஒழுங்குபடுத்தி அனுப்பும் ஏற்பாடு எதுவும் நடக்கவில்லை என்று உள்துறை அறிக்கைகள் சொல்கின்றன. 2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய் நலத்திட்டங்களை அறிவித்தபோது தந்த கணக்கு: 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 13,540 குடும்பங்களில் 34,087 பேர்.

இப்போது ஒரு சின்னக் கழித்தல் போடுவோம். வந்தவர்கள் 3,04,269. அனுப்பப்பட்டவர்கள் 99,469. மீதி 2,04,800. இருப்பவர்களாகச் சொல்லப்பட்டவர்கள் மொத்தம் 92,909. இடைவெளி 1,11,891 பேர்.

யாரோ மறைந்து வாழ்கிறார்கள் என்று இதைப் படிப்பது தவறு. சொல்லாமல் கொள்ளாமல் படகேறி ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தனித்தனியாகத் திரும்பியவர்கள் உண்டு. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் உண்டு. இங்கேயே இறந்து மண்ணானவர்கள் உண்டு. 1984-இல் வந்து, ஒப்பந்தத்தை நம்பி 1988-இல் திரும்பி, போர் மூண்டு 1990-இல் மறுபடி வந்தவர் வருகைக் கணக்கில் இரண்டு முறை ஏறியிருப்பார். இன்னொரு பக்கம், 92,909 பேரில் படகில் வந்தவர்களும் இருக்கிறார்கள், இங்கே பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே கணக்குச் சொல்லப்படாத வருகைகள் 1,11,891-ஐ விட அதிகமாகவே இருக்கும்.

ஒரு மளிகைக் கடைக்காரர் வரவையும் இருப்பையும் மட்டும் எழுதி, செலவு எழுதும் பக்கங்களைப் பாதி காலியாக விட்டு, கடைக்குள்ளேயே விளைந்த சரக்கை எங்கேயும் ஏற்றாமல் கணக்கை முடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது இந்தப் புள்ளிவிவரம். எண்கள் பொய்யில்லை. ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்காக எடுக்கப்பட்டது: கரையில் எடுத்தது பாதுகாப்புக்கு, முகாமில் எடுத்தது உதவித்தொகைக்கு, காவல் நிலையத்தில் எடுத்தது கண்காணிப்புக்கு. ஒரு மனிதரின் வாழ்க்கை எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பதற்கென்று எடுத்த எண் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

செக்கிங் நாள்

முகாமில் எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முகாமில் ‘செக்கிங்’ என்று சொல்லும் குறிப்பிட்ட நாளில் வருவாய் ஆய்வாளர் பதிவேட்டோடு வருவார். மாநில உளவுப் போலீசான கியூ பிரிவின் கண்காணிப்பும் இருக்கும். குடும்பத் தலைவர் பெயரைக் கூப்பிட்டதும் அந்தக் குடும்பத்தில் பெயர் உள்ள எல்லோரும் முன்னால் வந்து நிற்க வேண்டும். நின்றவர் பெயருக்கு நேராகக் குறி விழும். கூலி வேலைக்கோ பெயின்ட் அடிக்கவோ வெளியூர் போனவர்கள் அன்றைக்குள் ஓடி வந்து சேர வேண்டும். ஆள் இல்லையென்றால் பதிவு நிற்கும், அதோடு உதவித்தொகையும் நிற்கும். 2021-இல் உயர்த்தப்பட்ட கணக்குப்படி அந்தத் தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. பணம் பெரிதில்லை என்று வெளியிலிருக்கும் நாம் சொல்லிவிடலாம். பதிவு போவதுதான் அவர்களுக்குப் பெரிய பயம். பதிவில் பெயர் போய்விட்டால், இங்கே தங்கலாம் என்று காட்ட அவர்களிடம் வேறு காகிதம் இல்லை.

2016 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. உச்சப்பட்டி முகாமில் கணக்கெடுப்பு நடந்தது. ஒரு தகப்பனாருக்கும் கணக்கெடுக்க வந்த வருவாய் ஆய்வாளருக்கும் வாக்குவாதம். மகன் அங்கே இல்லாததுதான் பிரச்சினை; மகன் ஆஸ்பத்திரியில் இருந்தான் என்பது தகப்பனாரின் பதில். வாக்குவாதத்தின் முடிவில் அந்த மனிதர் எல்லோர் கண்முன்னாலும் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாடு முழுவதும் முகாம்களில் கொந்தளிப்பு எழுந்தது. பத்திரிகைகள் எழுதின, தலைவர்கள் அறிக்கை விட்டார்கள்.

அன்றைய பதிவேட்டில் அந்தக் குடும்பத்தில் ஒரு பெயர் குறைந்திருக்கும். மாத இறுதியில் மாவட்டக் கணக்கில் ஒன்று குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் பத்தி கிடையாது. ஒரு புள்ளிவிவரத்தின் அடியில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சியம் எனக்குத் தெரியாது. எண்ணுகிற அதிகாரிக்கும் எண்ணப்படுகிறவருக்கும் நடுவே பதிவேடு மட்டும் இருக்கும்போது, அந்தப் பதிவேடு ஒரு மனிதரை விடப் பெரிதாகிவிடுகிறது.

தகரத் துண்டு முதல் ஒப்பந்தம் வரை

மதுரைக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள உறவு பழையது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துப் போனது மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் சீமைகளிலிருந்துதான். பின்னாளில், கங்காணி கூட்டிப் போன கூலிகள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, நோய் பார்த்து, எண்ணி அனுப்பப்பட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போகவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு ஒன்றை ஆளுக்கு ஆள் கொடுத்தார்கள். ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம், துண்டைப் பார்த்தால் போதும். இந்த வட்டாரத்து மக்கள் கண்ட குடியேற்றக் கட்டுப்பாடு அப்படித் தொடங்கியது.

இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பேசிக்கொள்ளலாம். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எண் முதலில் முடிவானது; அந்த எண்ணை நிரப்ப ஆட்களைப் பிறகு தேடினார்கள்.

ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய பல லட்சம் பேருக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு பெயர் வைத்தது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்தது, ரெப்கோ வங்கியைத் தொடங்கியது. 1984-இல் போர்ச் சூழலால் அந்தக் கப்பல் நின்றது. தாயகம் திரும்ப முடியாமல் போன மலையகத் தோட்டக் குடும்பங்கள் பல, வன்செயலுக்குப் பயந்து வவுனியா, மன்னார்ப் பக்கம் ஒதுங்கி, அங்கிருந்து படகில் இதே ராமேஸ்வரம் கரைக்கு வந்து சேர்ந்தன.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் 1973-இல் கப்பலில் வந்தார். இன்று அவர் பேரன் இந்தியக் குடிமகன், ஓட்டுப் போடுகிறான். தம்பி 1990-இல் படகில் வந்தார். அவர் பேரன் முகாமில் செக்கிங்குக்கு வரிசையில் நிற்கிறான். இரண்டு பேரன்களுக்கும் கொள்ளுத் தாத்தா ஒருவர், பூர்வீகக் கிராமம் ஒன்று. அந்தக் கிராமம் மதுரைக்குப் பக்கத்திலேயே கூட இருக்கலாம். இப்படி இந்திய வம்சாவளியினர் முகாம்களில் ஏறத்தாழ 29,500 பேர் இருக்கிறார்கள் என்று நீதிமன்றம் வரை சொல்லப்பட்டிருக்கிறது. உள்துறையின் ஆண்டறிக்கையோ எல்லோரையும் ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறது.

ஜூன் 30-க்கும் ஜூலை 1-க்கும் நடுவே

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் பிறந்த தேதிக்கு இருக்கும் பலம் பலருக்குத் தெரிவதில்லை. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு, ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. உரிய ஆவணம் இல்லாமல் நுழைந்தவர்கள் அந்த வகைக்குள் வருகிறார்கள். படகில் தப்பி வந்தவர்களின் தலையில் அந்த வரி இடியாக இறங்கியது.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தனக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவர் பிறந்த தேதி 1987 ஜூன் 30-க்கு முந்தையது, ஆகவே அவர் இந்தியர் என்று நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். அதுதான் அவருடைய முதல் ஓட்டு. 1987 ஜூலை 1 முதல் பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு இந்த வழி கிடையாது.

இதே மதுரைக் கிளை 2019 ஜூன் 17 அன்று இன்னொரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர்கள் 65 பேர் தொடுத்த வழக்கு அது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர்கள் ஆவணமின்றி வந்ததை மட்டும் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது, புதிதாக விண்ணப்பம் வாங்கி மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு அது வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களுக்கு மாற்று அது. அதோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்தும் அவற்றுக்கான தண்டனையிலிருந்தும் விடுவித்தது. ஆவணம் இல்லாததற்காகச் சிறை என்ற பயம் நீங்கியது. அதை மனமார வரவேற்க வேண்டும். ஆனால் சிறையிலிருந்து விலக்குக் கிடைப்பதால் ஒருவர் குடிமகன் ஆகிவிடுவதில்லை. இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது 2022 மார்ச் முதல் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கிய குடும்பங்கள் அந்தத் தேதிக்குப் பிந்தியவர்கள். அவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

எண் இல்லாத இடத்திலும் எண் இருக்கும் இடத்திலும்

நாட்டின் மறுபக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வங்கதேசத்திலிருந்து ஆவணமின்றி வந்தவர்கள் 1,20,53,950 பேர் என்று 2004 ஜூலையில் உள்துறை இணையமைச்சர் மாநிலங்களவையில் சொன்னார். அடுத்த சில நாட்களிலேயே அந்த எண் நம்பத்தக்கதல்ல என்று விளக்கம் வந்தது. 2016 நவம்பரில் வேறோர் ஆட்சியின் இணையமைச்சர் சுமார் 2 கோடி என்றார். மறைவாக நுழைகிறவர்களைப் பற்றித் துல்லியமான தரவு இல்லை என்பதுதான் நாடாளுமன்றத்தில் உள்துறை பலமுறை தந்திருக்கும் பதில். தரவு இல்லாத இடத்தில் கோடிகளை வைத்து மேடையில் பேசிவிட முடிகிறது.

அசாமில் எண்ணியே பார்த்தார்கள். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் தேசியப் பதிவேட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 3,30,27,661 பேர். இடம்பெற்றவர்கள் 3,11,21,004. விடுபட்டவர்கள் 19,06,657. கடைசி இலக்கம் வரை துல்லியம். ஆனால் விடுபட்டவர்கள் மேல்முறையீடு செய்யத் தேவையான நிராகரிப்புக் கடிதம்கூடக் கைக்கு வராமல் ஆண்டுகள் உருண்டன. துல்லியமான எண் நியாயமான முடிவாக மாற வேண்டுமானால், எண்ணியவருக்கு ஒரு காலக்கெடுவும் எண்ணப்பட்டவருக்கு ஒரு பதிலும் இருக்க வேண்டும்.

பிரிட்டனின் உள்துறை மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடியேற்றப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. எத்தனை பேர் தஞ்சம் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, முடிவு தெரியாமல் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை பேர் தடுப்புக் காவலில் இருக்கிறார்கள், எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள் என்று எல்லாம் நாடு வாரியாக வரும். இலங்கையர் எத்தனை பேர் என்பதையும் அதில் பார்க்கலாம். அந்த அரசின் குடியேற்றக் கொள்கையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அதே அட்டவணையை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள். காத்திருப்போர் எண்ணிக்கை ஏறினால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் ஒருவர் அகதியா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. முடிவே இல்லாத இடத்தில் முடிவுகளைப் பற்றிய அட்டவணை எப்படி வரும்?

வேண்டிய அட்டவணை

மாநில அரசு வீடு கட்டித் தருகிறது, படிப்புக்கு உதவுகிறது, முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறது. மத்திய அரசு நிவாரணச் செலவைத் திருப்பித் தருகிறது. எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தாலும் சோறு போடுவதில் தமிழ்நாடு குறை வைத்ததில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆண்டறிக்கையில் இவர்கள் நிவாரணச் செலவின் கீழ் வரும் ஒரு எண்ணாகவே நிற்கிறார்கள். மூன்றாம் தலைமுறை வந்துவிட்ட மக்களை இனியும் நேற்று வந்தவர்களாக எண்ணுவது அநீதி.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. முகாம் குடும்பங்களும் அதில் எண்ணப்படும். அதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. குடும்பத்துக்குக் குடும்பம், பெயருக்குப் பெயர் பதிவேடு ஒவ்வொரு முகாமிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து ஆண்டுதோறும் ஐந்து விவரங்களை வெளியிட வேண்டும்.

முகாமிலும் வெளியிலும் இருப்பவர்களில் இந்தியாவில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் 1987 ஜூன் 30-க்குள் பிறந்தவர்கள் எத்தனை பேர்? 1964, 1974 ஒப்பந்தங்களின் கீழ் இந்தியக் குடியுரிமைக்கு உரிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் எத்தனை பேர்? குடியுரிமை கேட்டு மாவட்ட ஆட்சியர்களிடம் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் முடிவு சொல்லப்பட்டவை எத்தனை, எத்தனை ஆண்டுகளாக நிலுவை? இலங்கைக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கிடைத்த பயண ஏற்பாடு என்ன?

பெயரோ முகவரியோ வெளிவராமல் இந்த ஐந்தையும் தர முடியும். தந்தால், பிறப்பால் இந்தியராக இருப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஐகோர்ட் படியேற வேண்டியிருக்காது. ஒப்பந்தத்தின் பாக்கியாக இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்பது தெரியும். திரும்பிப் போக நினைக்கிறவர்களுக்கு மரியாதையோடு வழி செய்யலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுமா என்பதை நாடாளுமன்றம் கண்ணைத் திறந்துகொண்டு விவாதிக்கலாம்.

மதுரை, விருதுநகர் தொகுதி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் எம்.பி. மக்களவையில் எழுத்துபூர்வமாக ஒரு கேள்வி கேட்டு அது ஏற்கப்பட்டால், உள்துறை எழுத்துபூர்வமாகப் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதில் நாடாளுமன்ற ஆவணமாகும், யாரும் படிக்கலாம். மேலே உள்ள ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி உங்கள் எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள், அடுத்த கூட்டத்தொடரில் கேட்கச் சொல்லுங்கள்.